அக்கரைக் களிமண்ணில் நாரையின் கால்தடம்

மருதங்காட்டில் ஒரே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை இரண்டாக உடைக்க ஒருநாள் காலையில் இரண்டு தலைவர்கள் வந்து நின்றார்கள்.

ஒருவர் குரங்குகளின் தலைவர் கட்டையன். மற்றவர் மான்களின் தலைவர் கொம்பராசு. பள்ளியை நடத்திவந்தது வடிவு என்ற கீரி.

"என்ன டீச்சர், இன்றைக்கு நாரை ஒப்பந்தம்தான் பாடமாமே?" என்றார் கட்டையன். "நாரை ஒரு துரோகி என்று சொல்லிக்கொடுங்கள். இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம்!"

"யாரைப் பார்த்துத் துரோகி என்கிறாய்?" என்று கொம்பராசு சீறினார். "டீச்சர், நாரை காட்டைக் காப்பாற்றிய பெரியவர். அப்படித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு மரத்தடி பார்த்துக்கொள்வோம்!"

சண்டையின் கதை இதுதான். மருதங்காட்டு விலங்குகள் ஒரு காலத்தில் மலை யானைகளுக்கு அடிமைகளாக இருந்தன. போராடி விடுதலை பெற்றன. அந்தப் பெருமை ஒவ்வொரு விலங்குக்கும் உண்டு. ஆனால் யானைகள் லேசில் விடவில்லை. காட்டின் வடக்கே விலங்குகள் உப்பு நக்கப் போகும் உப்பு நிலத்தை விட்டு நகர மறுத்தன. உயரத்துப் பழங்களைப் பறிக்கக் குரங்குகளைப் பிடித்துக்கொண்டும் போயின. மறுபடி போர் வந்தால் காடு தாங்காது. எனவே நாரையைத் தூது அனுப்பினார்கள். நாரை ஓர் ஒப்பந்தத்தோடு திரும்பியது. அன்றிலிருந்து காடு இரண்டுபட்டது. குரங்குகள் வைக்கோலில் நாரை செய்து கொளுத்தின. மான்கள் உயிருள்ள நாரைக்கு மாலை போட்டன.

வடிவு தன் வாலை ஒருமுறை உதறிக்கொண்டாள். பள்ளி உடைந்தால் மான்குட்டியும் குரங்குக்குட்டியும் இனி ஒன்றாக உட்கார முடியாது. அது அவளுக்குத் தெரியும்.

"பாடம் முடியட்டும். அப்புறம் கூட்டிக்கொண்டு போங்கள்," என்றாள். "ஒப்பந்தம் அக்கரையில் இருக்கிறது. பிள்ளைகளை அங்கேதான் அழைத்துப் போகிறேன். நீங்கள் இருவரும் அதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், இல்லையா?"

கட்டையன் முதுகைச் சொறிந்தார். "எங்கள் காகம் பார்த்துவந்து சொன்னது."

"எங்களுக்கும் ஒரு காகம் இருக்கிறது," என்றார் கொம்பராசு.

இரண்டு காகங்களும் ஆற்றைத் தாண்டியதே இல்லை. இக்கரையில் எந்தக் கிளையில் எது சொன்னால் சோறு விழும் என்று அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

எல்லோரும் ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் வெயிலில் இறுகிய களிமண் தரை கிடந்தது. அதில் வரிசையாகக் கால்தடங்கள்.

"எப்படிப் படிப்பது என்று யாருக்குத் தெரியும்?" என்றாள் வடிவு.

"எனக்கு!" என்றது புள்ளி என்ற மான்குட்டி. "எதைப் பற்றிய பேச்சோ, அதன் துண்டு ஒன்றைக் களிமண்ணில் பதிப்பார்கள். கேட்டவர் முதலில் கால் வைப்பார். சம்மதித்தவர் பக்கத்தில் கால் வைப்பார். சம்மதிக்காவிட்டால் பக்கத்து இடம் காலி!"

"சரி. நான் பேச மாட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்."

முதலில் ஓர் உப்புக்கட்டி. நாரையின் தடம். பக்கத்தில் யானையின் தடம்.

"உப்பு நிலத்தைக் கேட்டோம், கொடுத்துவிட்டார்கள்!" என்று புள்ளி குதித்தது. கொம்பராசு மார்பை நிமிர்த்தினார்.

அடுத்தது ஆற்றுக் கூழாங்கல். அங்கே யானையின் தடம் முன்னால் இருந்தது. நாரையின் தடம் அதன் பக்கத்தில்.

"இது யானை கேட்டது, நாம் சம்மதித்தது," என்றது புள்ளி. அதன் குரல் இறங்கியது. "நம் ஆற்றில் யானைகள் குளிக்கலாம். ஐயா, நாரை எதையுமே விட்டுக்கொடுக்கவில்லை என்றீர்களே?"

கொம்பராசின் நிமிர்ந்த மார்பு தணிந்தது. கட்டையன் சிரித்தார். "கேளு கண்ணு, நல்லாக் கேளு!"

அதற்குள் துடுக்கி என்ற குரங்குக்குட்டி அடுத்த இடத்துக்குத் தாவிவிட்டது. அதன் மாமாவை யானைகள் பிடித்துப்போயிருந்தன. களிமண்ணில் ஒரு கொத்து வால்முடி பதிந்திருந்தது. குரங்கின் முடி. பக்கத்தில் நாரையின் தடம். அதன்மேலேயே இன்னொரு தடம், அதன்மேல் மறுபடியும் ஒன்று. களிமண் குழிந்துபோயிருந்தது. பக்கத்து இடம் காலி.

"பிடித்துப்போன குரங்குகளை விடச் சொல்லி நாரை கேட்டிருக்கிறது," என்றது துடுக்கி. "திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. யானை கால் வைக்கவே இல்லை. தலைவரே, நாரை என் மாமாவைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று சொன்னீர்களே!"

கட்டையனின் சிரிப்பு நின்றது. அவர் குனிந்து அந்தக் குழியைத் தொட்டுப்பார்த்தார்.

"இருந்தாலும் இந்த ஒப்பந்தம் எனக்குப் பிடிக்கவில்லை," என்றார் கடைசியில். "நம் ஆள் வராமல் ஆற்றை விட்டிருக்கக் கூடாது!"

"உப்பு இல்லாமல் எத்தனை கன்றுகள் செத்திருக்கும்?" என்றார் கொம்பராசு. குரலில் பழைய சீற்றம் இல்லை. "ஆனால் இந்தக் காலி இடம் எனக்கும் பிடிக்கவில்லை, கட்டையா. இது உங்கள் கோரிக்கை மட்டும் இல்லை."

தன் தடத்தையும் சேர்க்க, அவர் குளம்பைத் தூக்கிக்கொண்டு நாரையின் தடத்தருகே போனார்.

"நில்லுங்கள்!" என்று வடிவு கத்தினாள். "நடந்தது நடந்தபடியே இருக்கட்டும். அதை யாரும் மாற்றக் கூடாது. புதிதாகக் கேட்க வேண்டுமானால் புதுக் களிமண் குழைத்துக்கொள்ளுங்கள்!"

பிள்ளைகள் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தன. களிமண் குழைந்தது. துடுக்கி தன் வாலில் ஒரு முடியைப் பிடுங்கி நடுவில் வைத்தது. கட்டையன் கால் பதித்தார். கொம்பராசு அதன் அருகில் குளம்பைப் பதித்தார். யானைக்கு இடம் விட்டு வைத்தார்கள். இந்த முறை நாரை இரண்டு கூட்டத்தின் பெயராலும் தூது போகும்.

மறுநாள் பள்ளியில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. புள்ளியும் துடுக்கியும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து ஒப்பந்தம் சரியா தவறா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. மலையில் ஒரு யானைக்குட்டியாவது தன் தலைவரிடம் இப்படிக் கேள்வி கேட்டதாகத் தகவல் இல்லை. வடிவு பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அடங்கச் சொல்லவில்லை.

நீதி: ஒன்றைப் புகழும் முன்பும் பழிக்கும் முன்பும் அதை நேரில் படித்துப் பார்க்கிறவர்கள், கருத்து வேறுபட்டாலும் பிரிந்துபோக மாட்டார்கள்.