கஞ்சி தீர்ந்த பிறகு

"சாமி, நான் மலையிலேயே இருக்கட்டுமா, இறங்கி வந்துடட்டுமா?"

மாதேஸ்வரி கேட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, தோளில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

நீலமேகச் சாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் புகை.

"இது எத்தனாவது தடவை, அக்கா?"

"மூணாவது."

"முன்னே ரெண்டு தடவையும் நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலை."

"தப்பிச்சேன்," என்றார் சாமி. "பையைக் கீழே வை. கஞ்சி ஊத்த ஆளில்லை."

சாமிக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. ஒரு காலத்தில் லாரி கிளீனராக இருந்தவர். மலையடிவாரத்தில், பஸ் மாறுகிற இடத்தில், ஒரு தகரக் கொட்டகை போட்டு மதியத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அதை மடம் என்று ஊர் சொன்னது. அவரைச் சாமி என்றும் ஊர்தான் சொன்னது. அவர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாதேஸ்வரிக்கு அது பாதி வழி. மேலே, மலையில், பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம். அங்கே அவள்தான் நர்ஸ். கீழே, டவுனில், வீடு. அங்கே ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன கணவன், அவனைத் தூக்கி உட்கார வைக்கிற மகள். மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போகும்போது இந்தக் கொட்டகையில் இறங்கிவிட்டுப் போவாள்.

"டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல நர்ஸ் வேலை வந்திருக்கு சாமி. வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம். பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்றாங்க."

"சேர வேண்டியதுதானே?"

"மேல இருநூறு பிள்ளைங்க. நான் அங்க சேர்றதுக்கு முன்னாடி அந்த சிக் ரூம் பூட்டியே கெடந்துச்சு. காய்ச்சல்ல கெடந்த புள்ளையைப் போர்வையில கட்டித் தூக்கிட்டு இறங்கியிருக்காங்க. கீழ வந்து பிரிச்சுப் பார்த்தா..."



"அப்ப மேலயே இரு."

"வீட்டுல கவி இருக்காளே. பன்னெண்டாவது முடிச்சிட்டு அப்பனுக்கு முதுகு தொடைச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் வந்ததும் காலேஜுக்குப் போறேன்னு இருக்கா."

"எப்ப வர்றதாச் சொல்லியிருக்கே?"

"ஜூன்ல."

"எந்த ஜூன்?"

மாதேஸ்வரி அடுப்பைப் பார்த்தாள். இரண்டு ஜூன் போய்விட்டது. இது மூன்றாவது.

"மேல பிள்ளைங்ககிட்ட?"

"எங்கயும் போகமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"பரவாயில்லையே. ரெண்டு பக்கமும் நல்ல பேரு," என்றார் சாமி.

பிறகு கரண்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு நீ ஊத்து. ஆளுக்கு ஒரு கரண்டி, தளும்ப. கஞ்சி தீர்ந்துபோச்சுன்னா, கரண்டி பிடிச்சவங்கதான் மிச்சம் நிக்கிறவங்ககிட்டப் போய்ச் சொல்லணும். உள்ளே இருந்து கத்தக் கூடாது. படலைச் சாத்தக் கூடாது. கிட்டப் போய், மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்."

"தினமும் தீர்ந்துபோயிடுமா?"

"அரிசி எங்கிட்ட இருக்கிற அளவுதான் வேகுது. பசி அவங்ககிட்ட இருக்கிற அளவு வருது. ரெண்டும் பேசி வச்சுக்கிட்டா வருது?"

சொல்லிவிட்டுக் கோடாலியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் விறகு பிளக்கப் போய்விட்டார்.

வரிசை ஏற்கெனவே நின்றது. சந்தையில் மூட்டை இறக்குகிறவர்கள், பஸ் நிலையத்தில் படுத்துக் கிடப்பவர்கள், யாரும் தேடி வராதவர்கள்.

மாதேஸ்வரி ஊற்றினாள். முதலில் தளும்பத் தளும்ப ஊற்றினாள். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து வரிசையின் வாலைப் பார்த்தாள். அது நர்ஸின் கண். யாருக்கு எது என்று தானாகவே பார்த்துவிடும். கால் வீங்கிய ஒரு பெண், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் கையில் அலுமினியத் தட்டு நடுங்கியது.

பானையைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே போயிருந்தது.

பின்னால் கோடாலிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்து அடுப்பில் வெந்நீர் கொதித்தது. மாதேஸ்வரி ஒரு வாளி மொண்டு பானையில் ஊற்றினாள். வயிற்றுப்போக்குப் பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணீர் கலக்கிப் பழகிய கை அது; ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கியது. பிறகு இன்னொரு வாளி.

கம்பத்தைப் பிடித்து நின்றவளுக்கும் கிடைத்தது. தட்டு நடுங்கியவனுக்கும் கிடைத்தது. யாரிடமும் போய் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாதேஸ்வரிக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இப்படி லேசாகி எத்தனை நாளாயிற்று!

"எல்லாருக்கும் கிடைச்சிருச்சு சாமி."

சாமி பானைக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியை ஒரு முறை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"ம்."

மற்ற நாட்களில் குடித்து முடித்தவர்கள் தட்டைக் கழுவிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அன்று ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டு மடியில் இருந்தது. பார்வை பானையின் மேல் இருந்தது.

"ஏன் சாமி இவங்க போகலை?"

"சாப்பிட்டிருந்தா போயிருப்பாங்க."

ஒரு மூட்டைக்காரன் எழுந்து வந்தான்.

"யம்மா, ரெண்டாவது பானை எப்ப?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"இருங்க, பார்க்கலாம்," என்றாள்.

அவன் திரும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். அவன் அடுத்தவனிடம் சொன்னான். அப்போதுதான் எழுந்த ஒருவனும் மறுபடி உட்கார்ந்தான்.

வெயில் தகரத்தில் இருந்து தரைக்கு இறங்கியது. சந்தையில் லாரிகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வேறு ஆட்கள் மூட்டை இறக்குகிற சத்தமும் கேட்டது. இவர்கள் அசையவில்லை.

கால் வீங்கியவள் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தாள்.

மாதேஸ்வரி ஓடினாள். நிழலுக்கு இழுத்துப் போட்டாள், நாடி பிடித்தாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், பையில் இருந்த சர்க்கரையை நாக்கில் வைத்தாள். எல்லாம் சரியாகச் செய்தாள். அவள் செய்வதில் எப்போதும் குறை இருக்காது.

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டாவது பானை வந்துருச்சா?" என்று கேட்டாள்.

சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொருவர் முன்னாலும் குந்தி உட்கார்ந்து சொன்னார். மாதேஸ்வரி உள்ளேயே நின்றாள். அங்கே நடந்தது அவள் காதில் விழுந்தது.

"ரெண்டாவது பானை இல்லையா? இதை மத்தியானமே சொல்லித் தொலைச்சிருந்தா சத்திரத்துச் சோத்துக்காவது போயிருப்பேன்யா! இறக்குற வேலையும் போச்சு. சாமியாம் சாமி! மசுருச் சாமி!"

சாமி திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"உங்களைத் திட்டினாங்களே சாமி."

"ஆமா. அதுக்குத்தானே போனேன்."

டவுன் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. போனை எடுத்து மகளிடம் பேசினாள்.

"பஸ்ஸை விட்டுட்டேன்டி. நாளைக்கு வந்துடறேன்."

"திங்கக்கிழமை சேரணும்மா. பள்ளிக்கூடத்துல வர்றேன்னு சொல்லிட்டேல்ல?"

"ம்ம். சொல்லிட்டேன்."

அவள் சொல்லியிருக்கவில்லை. சாமி அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளும் கரண்டி அவள் கையில் இருந்தது. பக்கத்து அடுப்பில் வெந்நீரும் கொதித்தது. சாமி அதை எடுத்து ஒளித்து வைக்கவில்லை.

அவள் தளும்பத் தளும்ப ஊற்றினாள். வாங்கியவர்கள் குடித்தார்கள், தட்டைக் கழுவினார்கள், போனார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

கரண்டி அடியில் பட்டுச் சுரண்டியது.

வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். மிச்சம் நின்றவர்களில் முதலாவதாக, கம்பத்தைப் பிடித்தபடி, அதே பெண். வீங்கிய காலோடு அவளால் சீக்கிரமாக வர முடியவில்லை.

மாதேஸ்வரி வெந்நீரைப் பார்த்தாள்.

பிறகு கரண்டியை வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கொட்டகையின் வாசலுக்கும் அந்தக் கம்பத்துக்கும் இடையில் அத்தனை தூரம் இருந்ததை அவள் முன்பு கவனித்ததில்லை.

"அம்மா, கஞ்சி தீர்ந்துருச்சு."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லைம்மா."

"இன்னொரு பானை?"

"இல்லை."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்தாள். மாதேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நேத்து என் நாடியைப் பிடிச்சது நீதானே?"

"ஆமாம்மா."

"பிடிச்சு என்ன புண்ணியம்," என்றாள் அந்தப் பெண். கம்பத்தை விட்டாள். கொஞ்சம் நின்று, காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டு, சத்திரத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

மாதேஸ்வரி அடுத்தவனிடம் போய்ச் சொன்னாள். அவன் தட்டைக் கம்பத்தில் ஓங்கி அடித்துவிட்டுப் போனான். அதற்கடுத்தவன் சிரித்தான். ஒருவன் ஒன்றுமே சொல்லாமல் போனான். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

வாசல் காலியாகிவிட்டது. மாதேஸ்வரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருந்து சாமியின் குரல் வந்தது.

"என்னக்கா நின்னுட்டே? அவ்வளவுதானா வரிசை?"

மாதேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒருவரும் இல்லை.



இன்னும் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. போன இரண்டு ஜூனிலும் அவள் கால் கடைசியில் ஏறியது மலை பஸ்ஸில்தான். அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

போனை எடுத்தாள்.

"கவி."

"பஸ் ஏறிட்டியாம்மா?"

"நான் வரலை."

"அப்ப காலையில நேரா பள்ளிக்கூடத்துக்கே வந்துடறியா?"

"இல்லடி. அந்த வேலைக்கு வரலை. இந்த ஜூன்ல இல்லை. எந்த ஜூன்லயும் இல்லை. நான் மேலதான் இருக்கப் போறேன்."

எதிர்முனையில் தூரத்தில் அவள் கணவனின் இருமல் மட்டும் கேட்டது. அது நின்றது.

"அம்மா."

"சொல்லு."

"சேலத்து அத்தை வந்து, அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துடு, அங்கயே காலேஜுல சேர்ந்துக்கோன்னு கூப்பிட்டாங்களே. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கம்மா வந்துடுவாங்கன்னு சொன்னேன். போன வருஷமும் அதையே சொன்னேன்."

மாதேஸ்வரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. இருநூறு பிள்ளைகள் இருந்தார்கள். பூட்டிக் கிடந்த அறை இருந்தது. போர்வையில் கட்டித் தூக்கி வந்த பிள்ளை இருந்தது. அவள் எதையும் சொல்லவில்லை.

"அத்தைக்கு இப்பவே பேசறேன்," என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "வீட்டைப் பூட்டிடுவோம். சாவி எதிர்வீட்டுல இருக்கும்."

போன் வைக்கப்பட்டது.

மாதேஸ்வரி தரையில் உட்கார்ந்தாள். நிழல் எது வெயில் எது என்று பார்க்கவில்லை.

சாமி காலிப் பானையை உருட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார். ஒரு பிடி தேங்காய் நாரையும் சாம்பலையும் பக்கத்தில் வைத்தார்.

"சாமி, நான் செஞ்சது சரியா?"

"தெரியலைக்கா," என்றார் சாமி. "மலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. பானையைத் தேய்ச்சிக்கிட்டே அழு."