நழுவிய அரைஞாண்

நெட்டாலங்குறிச்சி ஆலடியீசர் கோயில் திருநீறெல்லாம் மருதவாணர் சாணம் உருட்டிச் சுட்டுக் கொடுத்ததுதான். அவர் எதிரே வந்தால் சாண வாடைக்கு ஊரார் மூக்கைப் பொத்துவார்கள். அவரோ "சிவசிவ" என்று சிரித்துவிட்டுப் போவார். ஒரே ஒரு பசு வைத்திருந்தார். அதன் பால் முழுவதும் ஈசனுக்கே என்று நேர்ந்திருந்தார். மழை பொய்த்த ஆண்டிலும் செம்பு குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அந்த ஆண்டில்தான் அவர் மனைவி செங்கமலம் மறுபடி கருவுற்றார். தாய்ப்பால் நின்றுபோன குழந்தை தையல்நாயகி சவலையானாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கஞ்சித் தெளிவு. வயிற்றுப்போக்கும் கண்டது. "வயித்தக் காயப்போட்டாத்தான் நிக்கும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, அந்தத் தெளிவையும் நிறுத்தினார்கள். தோஷம் தட்டிவிட்டது என்று தாயத்துக் கட்டினார்கள். தாயத்தைக் கோத்த அரைஞாண் கயிறோ, எலும்பான இடுப்பில் நிற்காமல் காலடியில் நழுவி விழுந்தது.

"ஒரு வாய் பாலாச்சும் புள்ளைக்குக் குடுங்களேன்" என்று அழுதார் செங்கமலம்.

"சாமிக்கு நேர்ந்தது, தொடக்கூடாது. அவரு பாத்துக்குவாரு" என்றார் மருதவாணர். ஐயோ, பக்தியில் குறையே இல்லை. பெற்ற பிள்ளையைத்தான் பார்க்கவில்லை!

மறுநாள் காலை அவர் பாலோடு போனபோது குருக்கள் திகைத்து நின்றார். "என்னப்பா இது! எத்தனை இறுக்கிக் கட்டினாலும் சுவாமி மேல வஸ்திரம் நிக்கமாட்டேங்கறதே!"

மருதவாணர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி மறுபடி நழுவி லிங்கத்தின் அடியில் ஆவுடைமேல் விழுந்தது. வீட்டில் நழுவிய கயிறு அவர் நினைவுக்கு வந்தது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"என் வீட்டுல நீ பட்டினி கெடக்க, இங்க வந்து உனக்குப் பால் குடுத்தேனே, பாவி!" என்று கதறி விழுந்தவர், செம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"சாமி பாலையே திருப்பிக்கொண்டு போறான் பாரு!" என்று தெருவே சிரித்தது.

பாலைக் காய்ச்சிப் பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பிறகு குழைந்த சோறும் பருப்பும் ஊட்டினார். குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. கோயில் பக்கமும் தலைகாட்டவில்லை.

சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் செங்கமலம் அரைஞாணைக் கட்டிவிட்டுக் கையை எடுத்தார். கயிறு இடுப்பிலேயே நின்றது. சற்று நேரத்தில் வாசலில் குருக்கள் நின்றார்.

"இன்னிக்குத்தான் வஸ்திரம் நின்னுது, மருதவாணா. கோயிலுக்கு வா."

"பால் கொண்டுவராம எந்த மூஞ்சியோட வருவேன் சாமி?"

"நீ புகட்டினதெல்லாம் வந்து சேர்ந்துடுத்துப்பா" என்றார் குருக்கள். அன்று சிரித்த தெரு தலையைக் குனிந்துகொண்டது.

பிள்ளைப் பசியை ஈசன் பசியென்று கண்டு நாணிய மருதவாணர் திருவடி வாழ்க. அந்த நாணம் நமக்கும் வருக.