ஆரத்தி நீர் அளந்த வேகம்

செந்நெல்வாடியை ஆண்ட ராஜா வல்லபேந்திரருக்கு வாளைக் கண்டும் பயமில்லை, வேங்கையைக் கண்டும் பயமில்லை. தேர் என்றால் மட்டும் பயம். போன வருஷம் வசந்த விழாவில் தேரில் நின்றபடி வந்தார். அன்று பூட்டிய புதுக்குதிரைகள் திடீரென்று வேகமெடுத்தன. தேர் முன்னே போயிற்று. ராஜா பின்னே ஒரு பூக்கடையில் கிடந்தார்.

இந்த வருஷம் சேனாதிபதி வீரகண்டர் இரண்டு செங்குதிரைகளைக் கொண்டுவந்தார். வேகம் சீராகக் கூடும், குலுக்கலே இராது என்று சத்தியம் செய்தார். லாயத்துப் பழைய சாம்பல் குதிரைகளே போதும் என்றான் தேர்ப்பாகன். யாரை நம்புவது? ராஜா, சபையில் சாதுரியக்காரர் என்று பெயரெடுத்த திருமேனிநாதரை அழைத்தார்.

"எந்த ஜோடிக்கு வேகம் சீராகக் கூடுகிறது? நாளை மாலைக்குள் கணக்காகச் சொல்லும். தவறினால் விழாவில் செங்குதிரைத் தேரில் எனக்குப் பதில் நீர் நிற்பீர்."

திருமேனிநாதர் குனிந்து பார்த்தார். வயிறு தெரிந்தது, கால் தெரியவில்லை.

"நான் விழுந்தால் பூக்கடை தாங்காது, மகாராஜா" என்றார்.

மறுநாள் மாலை ஒரு குடத்தின் அடியில் துளையிட்டுத் திரி செருகினார். அடியில் துளையிட்டுத் திரி செருகினார். முரசு ஒன்றைச் சீராக அடிக்கச் சொல்லிச் சரிபார்த்தார்; ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு விழுந்தது. குடத்தைத் தேரின் பின்னால் கட்டி, வெள்ளை மணலில் இரண்டு ஜோடியையும் தனித்தனியே ஓட்டச் சொன்னார். பிறகு சிவப்புப் பொட்டுகளுக்கு நடுவே முழம் போட்டுக்கொண்டு போனார்.

சேனாதிபதி சிரித்தார். "வேகம் என்ன வேட்டியா, முழம் போட?"

"வேட்டி அளந்த பழக்கந்தான். என் இடுப்புக்கென்றே நெசவாளர் தனித்தறி வைத்திருக்கிறார்" என்ற திருமேனிநாதர் ராஜாவிடம் திரும்பினார். "சொட்டு விழும் நேரம் மாறாது, மகாராஜா. இரண்டு சொட்டுக்கு நடுவே தேர் போன தூரம்தான் அப்போதைய வேகம். சாம்பல் குதிரைகள் முதலில் ஒரு முழம் போயின. அடுத்து மூன்று, ஐந்து, ஏழு. சொட்டுக்குச் சொட்டு இரண்டு முழம் கூடுகிறது. அந்த இரண்டு மாறவேயில்லை."

"செங்குதிரைகள்?"

"ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரேயடியாகப் பதினொன்று. அந்தப் பதினொன்றில்தான் பூக்கடை இருக்கிறது."

சேனாதிபதியின் முகம் சுருங்கியது. "குதிரைக்குச் சரி. இந்த உடம்பின் வேகத்தை எந்தக் குடம் அளக்கும்?"

"நேற்றே வேறொரு குடத்தை இடுப்பில் கட்டிப் பார்த்துவிட்டேன். சோற்று மணி கேட்டு மடைப்பள்ளிக்குப் போகையில் சொட்டுக்குச் சொட்டு முழம் கூடிக்கொண்டே போயிற்று."

"உண்டுவிட்டுத் திரும்பும்போது?" என்றார் ராஜா.

"இடைவெளியே இல்லை, மகாராஜா. ஒரே குளம்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சாம்பல் குதிரைகளைப் பூட்டச் சொன்னார். திருமேனிநாதருக்கு ஒரு பல்லக்கும் பரிசாகக் கொடுத்தார்.

திருமேனிநாதர் கைகூப்பினார். "திரும்பி வருவதற்கு மட்டும் போதும், மகாராஜா. போகும்போது அது என் வேகத்துக்கு ஈடுகொடுக்காது."