ஸ்லாட் காலி இருக்கா?

ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் போனேன். கற்றுக்கொடுத்தவர் ரிப்பேர் கடை வைத்திருந்த மெஹர்பானு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அதனால் என்ன, எனக்கு அவர் டீச்சர். அவருக்கு நான் அண்ணன்.

ஒருநாள் ஜெனோவா என்கிற அம்மா ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பவர். பத்து நாளில் பரீட்சை. வரலாற்றுப் பாடத்தின் பதிவுத் துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கப் போனால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடுகிறதாம்.

"மெமரி பத்தலைங்கிறாங்க. இன்னொண்ணு போட ஸ்லாட் காலி இருக்கா அண்ணாச்சி?"

நான் பெட்டியின் முகப்பைப் பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்.

"இந்த மாடலா! ரெண்டே ஸ்லாட்தாம்மா. ரெண்டும் நிரம்பியிருக்கும். பழைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசு வாங்குங்க."

"புதுசுல எங்க சாஃப்ட்வேர் ஓடாதே." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைங்க எதைக் கேட்டுப் படிக்கும்?"

டீச்சர் எழுந்து வந்தார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர், இதுல ஏது இடம்?"

"தெரியலையே அண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. வந்தவர் முன்னாலேயா தெரியாது என்பார்கள்!

டீச்சர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரே தூசி. பிரஷால் தட்டிவிட்டு, ஒயர்க் கற்றையை ஒதுக்கிப் பிடித்தார்.

"எண்ணுங்க அண்ணே."

ஒன்று, இரண்டு. இரண்டிலும் மெமரி இருந்தது. மூன்று, நான்கு. இரண்டும் காலி!

யாரோ எப்போதோ உள்ளே ஸ்லாட்டுகள் இருக்கிற மதர்போர்டையே மாற்றியிருக்கிறார்கள். வெளியே மட்டும் அதே பழைய பெட்டி.

டீச்சர் பொருந்துகிற மெமரி இரண்டைத் தேடியெடுத்துச் செருகினார். வரலாற்றுப் பாடம் முதலிலிருந்து கடைசிவரை நிற்காமல் சேர்ந்தது.

"ஏசுவே, ஓடுதே!" என்று ஜெனோவா அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போனபிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் பரீட்சை என்ன ஆகியிருக்கும்! என்மேல் எனக்கே ஆத்திரம். டீச்சரை நினைத்தால் மலைப்பாக இருந்தது.

"டீச்சர், இந்த மாடலை உங்க அளவுக்குப் பார்த்தவங்க இந்த ஊர்லயே கிடையாது. நீங்க போய், தெரியலைன்னு எப்படிச் சொன்னீங்க?"

அவர் கைத்தூசியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இதே மாதிரி நூறு பெட்டி திறந்திருப்பேன் அண்ணே. அவங்க பெட்டியை அப்போ இன்னும் திறக்கலையே."