பதினாறு நாள் சோதித்த அரிசி

வெண்குன்றபுரத்து அரசர் மாறவேளுக்கு இரண்டு காதுகள். ஒன்றில் படை அமைச்சர் இரணகேசரி குடியிருந்தார். மற்றதில் களஞ்சிய அமைச்சர் பொன்னம்பலர். நடுவிலிருந்த தலைக்கு ஆடுவது மட்டும்தான் வேலை.

ஒரு நாள் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தூதர் வந்தார். மணற்றீவுக்காரர், பெயர் திருமேனி. கடற்கொள்ளையர் அவர்கள் கோட்டையை மூன்று பக்கமும் வளைத்திருந்தார்கள்.

"தெற்குத் துறை மட்டும் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது, அரசே. ஆயிரம் மூட்டை அரிசியும் ஐந்நூறு ஈட்டியும் கொடுத்தால் பிழைத்துக்கொள்வோம். ஆனால் காற்று திரும்புவதற்குள் படகுகள் கிளம்ப வேண்டும். திரும்பிவிட்டால் அந்தத் துறையில் யாரும் படகை அணைக்க முடியாது."

அரசரின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு சபையைக் கூட்டினார். அதோடு அவர் பொறுப்பு முடிந்தது.

பொன்னம்பலர் எழுந்தார். "அரிசி நம் மக்களுக்கு அல்லவா முதலில்?"

சென்ற ஆண்டு வடக்கே பஞ்சம் வந்து நம் மக்கள் கேட்டபோது, இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று சொன்னவரும் இவர்தான். இரண்டும் ஒரே வாய் என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

இரணகேசரி மீசையைத் தடவினார். "வெறும் அரிசி போனால் கொள்ளையன் தின்பான். வெறும் ஈட்டி போனால், சண்டை முடிந்ததும் அது நம் பக்கம் திரும்பும்."

"இரண்டையும் சேர்த்து அனுப்பினால்?" என்றார் தூதர்.

"இரண்டு ஆபத்தும் சேர்ந்து வரும்."

நேராக முடியாது என்று சொன்னால் ஊர் ஏசும். அதனால் பொன்னம்பலர் ஒரு பழைய கட்டளையை எடுத்துவந்தார். அரசரின் பாட்டனார் காலத்தில் சம்பந்தி நாட்டுக்குப் புழு அரிசி போய் மானம் கப்பலேறியதாம். அன்றிலிருந்து ஒரு விதி: கடல் கடந்து போகும் எந்தப் பொருளையும் அமைச்சர்கள் தாமே சோதித்து, தரமானது என்று சொன்ன பிறகே அனுப்ப வேண்டும்.

சோதனை தொடங்கியது. முதல் நாள் நெய்ச்சோறு. "கொஞ்சம் குழைகிறது. நாளைக்கும் பார்ப்போம்" என்றார் பொன்னம்பலர். அடுத்த நாள் புளியோதரை. "புளிதான் தெரிகிறது, அரிசி தெரியவில்லை" என்றார் இரணகேசரி. பத்தாம் நாள் பால் பாயசம் செய்து பார்த்தார்கள். அதில் அரசரும் இரண்டு கிண்ணம் சோதித்தார்.

பதினாறாம் நாள் காலை திருமேனி, ஓலைநாயகம் சடையனைத் தேடி வந்தார். அரண்மனையின் பழைய கட்டளை ஓலைகளைக் காப்பதும் வாசித்துக் காட்டுவதும் சடையன் வேலை. வாய்த்துடுக்கால் மூன்று முறை வேலை இழந்து, அந்த ஓலைக் கிறுக்கலை வாசிக்க வேறு ஆள் இல்லாததால் மூன்று முறை திரும்ப அழைக்கப்பட்டவன்.

"ஐயா, காற்று திரும்பப் பார்க்கிறது. நாளை படகு போகாவிட்டால், மணற்றீவுக்காரன் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான் மிஞ்சுவேன்."

"சாப்பிட்டீரா, தூதரே?"

"உங்கள் அமைச்சர்களின் இலையைப் பார்த்தேன். பசி போய்விட்டது."

சடையன் பாட்டனார் கட்டளை ஓலையை எடுத்து ஒரு முறை வாசித்தான். பிறகு கேட்டான். "நீர் அரிசி மட்டுமா கேட்டீர்?"

"ஈட்டியும் கேட்டேனே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்று எழுந்தான்.

அன்று சபையில் இலை போட்டாகிவிட்டது. கத்தரிக்காய்க் குழம்பு மணக்கிறது. சடையன் கட்டளை ஓலையோடு உள்ளே வந்தான். பின்னால் இரண்டு வீரர்கள் ஒரு கட்டு ஈட்டியைச் சுமந்து வந்தார்கள்.

"அரசே, ஒரு தவறு நடந்துவிட்டது. எந்தப் பொருளையும் என்கிறது பாட்டனார் கட்டளை. அரிசியைப் பதினாறு நாள் சோதித்தோம். ஈட்டியை ஒரு நாள்கூடச் சோதிக்கவில்லை. மழுங்கின ஈட்டி போனால் மறுபடியும் மானக்கேடு."

"சரியான பேச்சு" என்றார் அரசர். பாட்டனார் என்றால் அவருக்கு உயிர்.

இரணகேசரி சிரித்தார். "அதற்கென்ன, ஒரு வைக்கோல் பொம்மையைக் கொண்டுவா. குத்திப் பார்த்துவிடலாம்."

"வைக்கோல் பொம்மைக்கா ஐயா சோறு ஊட்டி அரிசியைச் சோதித்தோம்? அமைச்சர்கள் தாமே சோதித்து என்றுதான் எழுதியிருக்கிறது. நீங்களும் களஞ்சியத்தாரும் இப்படித் தூண் பக்கம் வந்து நில்லுங்கள். வயிற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளி. பதினாறு நாளாகச் சோதனைக்குப் பழகிய வயிறு அல்லவா?"



பொன்னம்பலர் வாயிலிருந்த கவளத்தை அவசரமாக விழுங்கினார். "சடையா, ஒரு தடவை குத்தினால் ஆளே போய்விடுவானே."

"ஒரு தடவையா? ஒரே படகில் போகிற பொருளுக்கு ஒரே விதிதானே நியாயம், ஐயா. அரிசிக்கு முடிவு வருகிற வரைக்கும் தினம் ஒரு சோதனை. ஈட்டிக்கும் அப்படியே." அரசரைப் பார்த்தான். "உத்தரவு கொடுங்கள்."

அரசர் தலையை ஆட்டினார். அது அவருக்குப் பழகிய வேலை.

வீரன் கட்டை அவிழ்த்தான். ஒரு ஈட்டி நழுவிக் கல் தரையில் விழுந்து கணீரென்றது.

"அரிசி முதல் தரம்" என்றார் பொன்னம்பலர். "குழையவே இல்லை. இப்போதே மூட்டை கட்டலாம்."

"ஈட்டியும் முதல் தரம்" என்றார் இரணகேசரி. அதற்குள் அவர் தூணுக்குப் பின்னால் போயிருந்தார். "படகு எங்கே நிற்கிறது? ஏன் இன்னும் கிளம்பவில்லை?"

மாலைக்குள் படகுகள் பாய் விரித்தன. திருமேனி யாருக்கும் வணக்கம் சொல்ல நிற்கவில்லை. ஈர விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தபடியே முதல் படகில் ஏறிவிட்டார்.

கரையில் நின்ற அரசர் கேட்டார். "பதினாறு நாள் ஒப்புக்கொள்ளாத இரண்டு பேர் ஒரு நொடியில் எப்படி ஒப்புக்கொண்டார்கள், சடையா?"

"அரிசியை மென்று பார்த்தும் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அரசே. ஈட்டியின் அருமை தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உனக்கு நூறு மூட்டை அரிசி பரிசு."

சடையன் கைகூப்பினான். "இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், அரசே. அமைச்சர்களுக்கு மறுபடியும் பசிக்க ஆரம்பித்திருக்கும்."