வேப்பங்கிளையைத் தொட்ட வைக்கோல் போர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது மாவு மில் கோமளவல்லி அக்கா. போன கார்த்திகை சோமவாரம், கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விபூதி கொட்டிப்போனது.

வேங்கைப்பாடி என்று ஒரு ஊர். அங்கே ராஜா செங்கோடன். அவர் சபையில் சாத்தப்பன் என்று ஒருத்தன். நாக்கும் நீளம், மூளையும் நீளம்.

ஊர் எல்லையில் ஒரு கொட்டில் இருந்தது. கண் தெரியாத எருது, மூணு கால் நாய், நொண்டிக் கழுதை என்று யாருக்கும் வேண்டாத ஜீவன்களுக்கெல்லாம் அதுதான் வீடு. அந்த நிலத்தின் மேல் அமைச்சர் கும்பலிங்கத்துக்குக் கண். வெற்றிலைத் தோட்டம் போட ஆசை. "இதுங்களுக்கு அரண்மனை வைக்கோலைப் போடுறது வெட்டிச் செலவு மகாராஜா" என்று தினமும் ஓதி ஓதி, ராஜாவையே கரைத்துவிட்டார்.

சாத்தப்பன் மட்டும் கூடாதென்று மன்றாடவே, ராஜா ஒரு நிபந்தனை போட்டார். "சாத்தப்பா, நாளைக்கு ஒரு நாள் அவகாசம். அரண்மனை வைக்கோலைத் தொடக்கூடாது. கொட்டில் வேப்பமரத்தின் முதல் கிளையைத் தொடுகிற மாதிரி, பொழுது சாய்வதற்குள் வைக்கோல் போர் எழும்பணும். இல்லைன்னா நிலம் அமைச்சருக்கு, ஜீவன்கள் காட்டுக்கு."

அந்தக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள் பேச்சியாயி. சாத்தப்பன் நேரே அவளிடம் ஓடினான்.

"ஆத்தா, நாளைக்கு உன் கடையில் காசு வாங்காதே. இலைக்கு ஒரு கட்டு வைக்கோல் வாங்கு."

"வத்தக்குழம்பும் வடையும் போடறேன். அந்தக் கழுதைக்காக இதுகூடச் செய்யமாட்டேனா? தினமும் காலையில் என்னை எழுப்புறதே அதுதான்."

விடிந்ததும் ஊரே தலையில் வைக்கோலைச் சுமந்துகொண்டு வந்தது. சாத்தப்பனும் தன் பங்குக்கு ஒரு கட்டு போட்டான். போர் மளமளவென்று ஏறியது.

உச்சிவேளையில் வந்தார்கள் பன்னிரண்டு பயில்வான்கள். அமைச்சர் அனுப்பிய ஆட்கள். ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்து உட்கார்ந்தார்கள். கடையில் இடமே பன்னிரண்டு இலைக்குத்தான். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

"இன்னும் சோறு!"

"இன்னும் குழம்பு!"

இலையை மடிக்காதவனுக்கு இல்லை என்று சொல்வது பேச்சியாயி பரம்பரையிலேயே கிடையாது. வெளியே தெரு முழுக்க வைக்கோல் கட்டோடு ஜனம் நிற்கிறது. உள்ளே நுழைய வழியில்லை.

"அண்ணே, எப்போ எழுந்திருப்பீங்க?" என்று கேட்டான் சாத்தப்பன்.

"பொழுது சாயட்டும் தம்பி" என்று ஏப்பம் விட்டான் மூத்த பயில்வான்.

சாத்தப்பன் தன் வில்வண்டியில் ஏறி அரண்மனைக்குப் பறந்தான். "மகாராஜா, பேச்சியாயி கடையில் வத்தக்குழம்பு கொதிக்குது. நீங்க வந்தா போரைப் பார்த்த மாதிரியும் இருக்கும், ஒரு வடை தின்ன மாதிரியும் இருக்கும்."

ராஜா வந்தார். வாசலில் அவர் தலை தெரிந்ததும் பயில்வான்கள் பதறி எழுந்து கும்பிட்டார்கள். ராஜா வந்தால் உட்கார்ந்திருக்க முடியுமா?

கும்பிட்டுவிட்டு அவர்கள் மறுபடி உட்காரப் போனார்கள். சாத்தப்பன் குறுக்கே நின்றான்.

"அண்ணே! எழுந்த இலையில் திரும்ப உட்கார்ந்து சாப்பிடுற வழக்கம் உங்க வீட்டில் உண்டா?"

"சிவ சிவா! நாங்க என்ன அப்படிப்பட்ட குடும்பமா?"

"அப்போ புது இலை. புது இலைக்குப் புதுக் கட்டு."

இடத்தை விடாதே என்பது அமைச்சர் உத்தரவு. பாதிப் பேர் இடத்தைக் காவல் காத்தார்கள். மீதிப் பேர் அமைச்சர் வீட்டுப் போரிலிருந்தே கட்டுகளைச் சுமந்து வந்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள்.

"மகாராஜா, கை கழுவலையே?" என்றான் சாத்தப்பன். ராஜா கிணற்றடிக்குப் போய் வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். பன்னிரண்டு கட்டு.

"போரைப் பார்க்கலையே?" போய் வந்தார். பன்னிரண்டு கட்டு.

"அந்தக் கழுதை உங்களைப் பார்க்கணும்னு ஏங்குது மகாராஜா." அதையும் பார்த்து வந்தார். பன்னிரண்டு கட்டு.

ஆறாம் இலைக்கு அமைச்சர் வீட்டில் ஒரு துரும்பு மிச்சமில்லை. "சாமி, முழங்கால் போச்சு" என்று பயில்வான்கள் ஓடியே போனார்கள்.

ராஜா நின்றபடியே வடையைக் கடித்துக்கொண்டு வெளியே போனார். ஜனம் உள்ளே வந்து சாப்பிட்டது. கடைசிக் கட்டும் போரில் ஏறியது. பொழுது சாய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"காலையிலிருந்து பல்லில் தண்ணி படலையே, உட்காரப்பா" என்று பேச்சியாயி சாத்தப்பனுக்கு இலை போட்டாள். அவன் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தான். வெளியே அமைச்சரின் குரல் கேட்டது.

"ஒரு கட்டு குறையுது மகாராஜா! கிளையைத் தொடலை! ஊரில் வைக்கோலும் இல்லை!"

சாத்தப்பனுக்குக் கவளம் கையிலேயே நின்றுவிட்டது. அந்த எருது காட்டில் எங்கே போய் முட்டிக்கொள்ளும்? யோசித்தான், யோசித்தான், ஒன்றும் தோன்றவில்லை.

அப்போது ராஜா உள்ளே வந்தார். சாத்தப்பன் சட்டென்று எழுந்து கும்பிட்டான்.

ராஜா இடுப்பில் கை வைத்தார். "எழுந்துட்டியே சாத்தப்பா! புது இலைக்குக் கட்டு எங்கே?"

சாத்தப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு வாசலில் நின்ற தன் வில்வண்டிக்கு ஓடினான். உட்காரும் இடத்தில் மெத்தென்று பரப்பியிருந்த வைக்கோலை வாரிச் சுருட்டிக் கட்டினான், போரின் மேல் வீசினான். கட்டு வேப்பங்கிளையைத் தொட்டு உட்கார்ந்தது. கழுதை கத்தியது. ஊரே கத்தியது. அமைச்சரைத் தேடினால் ஆளைக் காணோம்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "ராஜாவை வைத்து நீ மட்டும்தான் ஆட்டம் காட்டுவியோ? கொட்டில் இனிமேல் என்றைக்கும் கொட்டில்தான். உனக்கும் ஒரு வரம் தர்றேன். இனி இந்தக் கடைக்குள் நான் எப்போ வந்தாலும் யாரும் எழுந்திருக்க வேண்டாம். நிம்மதியாச் சாப்பிடு!"

சாத்தப்பன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். "ஐயோ மகாராஜா, அந்த வரம் மட்டும் வேண்டாம்! அடுத்த வருஷ வைக்கோலுக்கு நான் எங்கே போவேன்?"

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் வாசலில் வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள்.