தோத்தவங்களுக்குக் கரை

காட்டுப்பன்னிங்களுக்கும் முள்ளம்பன்னிங்களுக்கும் ஒரு குளத்துக்காகப் பெரிய சண்டை. கடைசியில காட்டுப்பன்னிங்க ஜெயிச்சிடுச்சுங்க. அதுங்க தலைவன் சடையன், மூஞ்சியில குத்தின முள்ளைக்கூடப் பிடுங்காம சமாதானம் பேச உக்காந்தான்.

"இனிமே நீங்க குளத்தங்கரை மேலதான் இருக்கணும். காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. குளத்துல வாய் வைக்கக் கூடாது!"

முள்ளம்பன்னித் தலைவி வேலாத்தா கேட்டா: "அண்ணே, கரையில புல்லுகூடக் கிடையாதே! எதைத் திங்க? எதைக் குடிக்க?"

"தோத்தவளுக்கு விருந்தா வைப்பாங்க? தலையாட்டு!"

வேற வழியில்லாம ஆட்டினா.

ஆனா, ஜெயிச்ச சடையனுக்குத்தான் தூக்கம் போச்சு. 'ரகசியமா கூட்டம் போடுறாளோ? பக்கத்துக் காட்டுல ஆள் சேக்குறாளோ?' தினமும் கரைக்குப் போய் ஒவ்வொருத்தரையா மோந்து பாப்பான்.

"ஏய், நகத்துல என்ன ஈரமண்ணு?"

"வேர் தோண்டினோம்ணே. மேல ஒண்ணும் இல்லையே!"

"அதெல்லாம் இருக்கட்டும், முள்ளைக் காட்டு! கூர் தீட்டினியா?"

வேலாத்தா திரும்பி நின்னு காட்டினா. மொக்கையாத்தான் இருந்துச்சு.

"சரி, தோண்டித் தொலைங்க!"

அவன் பொண்டாட்டி கருப்பிகூடச் சொல்லிப் பார்த்தா: "ஒரு ஓரமா தண்ணி குடிச்சிட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன குறையுது?"

"உனக்குத் தெரியாது! இன்னைக்கு ஒரு வாய் கேப்பா, நாளைக்குக் குளத்தையே கேப்பா!"

அந்த வருஷத்துக் கடைசி மழை கொட்டித் தீர்த்துச்சு. குளம் நிரம்பி வழிஞ்சுது. முள்ளம்பன்னிங்க தோண்டித் தோண்டி உள்ளெல்லாம் வளையா இருந்த கரை தாங்குமா? பொத்துன்னு உடைஞ்சு, மொத்தத் தண்ணியும் பள்ளத்துல இறங்கி ஓடிப்போச்சு. மிஞ்சினது ஒரே ஒரு குட்டை. பன்னிக்குட்டிங்க சேத்தை நக்கிக்கிட்டு நின்னுதுங்க.

"சதிகாரி! நான் அப்பவே சந்தேகப்பட்டேன்!"ன்னு சடையன் பாஞ்சு வந்தான்.

"சதியா? தாகம்ணே! குளத்துல வாய் வைக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே. வேரைத் திங்கவும், மண்ணுக்குள்ள ஊறுற தண்ணியை நக்கவும்தான் தோண்டினோம். கரை உடைஞ்சப்ப என் புள்ளைங்க ரெண்டும் அந்த வளைக்குள்ளதான் இருந்துச்சுங்க!"

சடையன் குட்டைக்குக் குறுக்கே போய் நின்னான். வேலாத்தா நிக்கல. அவ பின்னால மொத்தக் கூட்டமும் திரண்டு குட்டையைப் பாத்து நடந்துச்சு.

"தள்ளுண்ணே! இப்ப இழக்க எங்ககிட்ட கரையும் இல்ல."

அந்தக் குட்டைக்காக மறுபடியும் சண்டை ஆரம்பிச்சுது. மிதிச்ச மிதியில அந்தத் தண்ணியும் சேறாயிடுச்சு.

தோத்தவங்க பிழைக்க வழி விடாத சமாதானம், ஜெயிச்சவங்களையும் நிம்மதியா வாழ விடாது.